நர்ஸ் பேரைச் சொல்லி அனுப்பின சேவல்

போன வருஷம் சித்திரை மாசம் நடந்தது இது. தஞ்சாவூர் பைபாஸைத் தாண்டி, நேத்து வரைக்கும் வயலா இருந்து இன்னிக்கு 'நகர்'னு போர்டு வெச்சிருக்காங்களே, அந்த மாதிரி ஒரு இடத்துலதான் எங்க வீடு. வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல. இங்க நானும், நாலாவது படிக்கிற எம் பொண்ணும், ஒரு சேவலும்.

பள்ளிக்கூட வாசல்ல ஒருத்தர் அட்டைப்பெட்டியில கலர் கோழிக்குஞ்சு விப்பார். எம் பொண்ணு அழுது அடம்பிடிச்சு ஒரு ரோஸ் கலர் குஞ்சு வாங்கினா. அதனால பேரு மிட்டாய். எங்கே, ஒரு வாரம்கூடத் தங்காதுன்னு நினைச்சுதான் நானும் வாங்கிக் குடுத்தேன். அது என்னடான்னா சாயம் போய், கொண்டை சிவந்து, வெள்ளை வெளேர்னு வளந்து நின்னுச்சு. பொண்ணு ஸ்கூல் விட்டு வந்தா கேட் வரைக்கும் ஓடிப் போய்க் கூட்டிட்டு வரும். என்னைக் கண்டா மட்டும் கணுக்காலைக் கொத்தும். எனக்கும் அதுக்கும் ஏழாம் பொருத்தம்.

ஒரு நாள் விடியக்காலையில எந்திரிச்சு, கூழ் கிண்டி, மாடியில வேட்டி விரிச்சு வடகம் பிழிஞ்சுட்டு வந்தேன். காப்பி போட்டுக் குடிக்கிறதுக்குள்ள இந்தப் பய மாடிப்படி ஏறிப் போய், வேட்டி முழுக்க நடந்து, நடுவுல எச்சமும் போட்டு வெச்சிருந்தான். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோபம்! அந்தக் கையோட, நன்னிலம் பக்கம் கிராமத்துல இருக்கிற என் நாத்தனாருக்குப் போன் போட்டேன். "அனுப்பு, கொல்லையில கிடக்கட்டும்"னாங்க. கொல்லையில கிடக்கிற சேவல் கடைசியில எங்க போகும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினேன்.

பொண்ணுகிட்ட என்ன சொல்றது? வடகத்துக்காகன்னு சொன்னா வீட்டையே ரெண்டாக்கிடுவா. அதனால வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அடுத்த வீட்டு நர்ஸ் ஆன்ட்டிக்கு நைட் டூட்டி. இது கத்துறதுல பகல்ல தூங்க முடியலையாம். சண்டைக்கு வர்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

சத்தியமா அந்த நர்ஸ் ஒரு நாள்கூட எங்கிட்ட அப்படிச் சொன்னதில்ல. தெருவுல இத்தனை வீடு இருக்கே, அவங்க பேரை மட்டும் ஏன் சொன்னேன்? எதிர்வீட்டு வாத்தியார் பேரைச் சொல்லியிருந்தா, அவர் வீட்டம்மா மறுநாளே வந்து இடுப்புல கை வெச்சுக்கிட்டுக் கேட்டிருப்பாங்க. நர்ஸ் வீட்டுக்கு எங்க தெருவுல யாரும் போறதில்ல. அவங்களும் யார் வீட்டுப் படியும் ஏறுறதில்ல. காரணம் வேற என்ன, சாதிதான். கேட்க வர மாட்டாங்கங்கிற தைரியத்துலதான் அவங்க பேரைச் சொன்னேன்.

சேவல் போயி ரெண்டு மூணு நாள் இருக்கும். சாயங்காலம் அவங்க காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நின்னு, எப்பவும் போல எம் பொண்ணுக்கு ஒரு சாக்லேட் நீட்டினாங்க. அவ அதைத் தட்டிவிட்டுட்டா. "உங்களாலதான் எங்க மிட்டாயை அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உங்களுக்குத் தூக்கம்தானே வேணும்? போய்த் தூங்குங்க"ன்னு கத்தினா. நான் சமையக்கட்டு ஜன்னல் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன். நாலு எட்டு வெளியில வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. மிக்ஸியை ஓட விட்டேன்.

அந்த மிக்ஸி சத்தத்துல அவங்க எம் பொண்ணுகிட்ட பேசினது எனக்குக் கேக்கல. 'நான் அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லையே கண்ணு. அலுப்புல எப்பவாவது ஏதாவது முணுமுணுத்திருப்பேனோ என்னவோ'ன்னு சொல்லி, அத்தை வீடு எந்த ஊரு, எந்த இடம்னு விசாரிச்சுக்கிட்டாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

மறுநாள் மத்தியானம் நாத்தனார்கிட்டேருந்து போன். "ஏன்டி, ஆளை அனுப்பினா ஒரு போன் பண்ணிச் சொல்ல மாட்டியா? நீ அனுப்பினேன்னு ஒரு நர்ஸு வந்து சேவலைக் கேட்டுக்கிட்டு நின்னா. மாப்பிள்ளை வர்றாருன்னு வெச்சிருந்தேன். வடகத்தை மிதிச்சுதுன்னு அவதானே தலைமுழுகினா, இப்ப என்னத்துக்காம்னு கேட்டேன்."

உண்மை அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. நாத்தனார் அதோட நிறுத்தல. "எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டேன்." எங்க பக்கம் தெருவைக் கேட்டா சாதியைக் கேக்குறதுன்னு அர்த்தம். "மறைக்காம சொல்லிட்டா. அப்புறம் எப்படி உள்ள விடுறது? கொல்லைப்பக்கமா வரச் சொல்லிப் பிடிச்சுக் குடுத்தேன். தண்ணி கேட்டா. அடிபம்புல அடிச்சுக் குடிச்சுக்கோன்னேன்." ஏதோ இன்னிக்கு என்ன குழம்பு வெச்சேன்னு சொல்ற மாதிரி சொன்னாங்க. சே, இவங்கல்லாம் மனுஷங்கதானான்னு போனை வெச்சதும் வாய்விட்டே திட்டினேன்.

அதுக்கப்புறம் எனக்கு இருப்பே கொள்ளல. வந்து கேட்டைத் தட்டிக் கத்துவாங்க, தெருவே வேடிக்கை பார்க்கும், பொண்ணு முன்னாடி மானம் போகும்னு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துக்கிட்டே இருந்தேன்.

பொழுது சாயுற நேரத்துல வந்தாங்க. கையில ஜவுளிக்கடை கட்டைப்பை. அதுக்கு மேல மிட்டாயோட தலை. எம் பொண்ணு போட்ட கூச்சல்ல எதிர்வீட்டுல லைட் எரிஞ்சுது. "கண்டக்டர் இவனுக்கும் டிக்கெட் போட்டுட்டார்டா"ன்னு சிரிச்சுக்கிட்டே பையைக் குடுத்தாங்க. ராத்திரி டூட்டி முடிச்சு, கண்ணை மூடாம, காலையில அப்படியே பஸ் ஏறியிருக்காங்க. அப்புறம், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காம பொண்ணுகிட்ட சொன்னாங்க. "அம்மாதான் போய்க் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

நான் அவங்க பேரைக் கெடுத்தேன். அவங்க என் பேரைக் காப்பாத்தினாங்க. பூமி பிளந்து உள்ள போயிட மாட்டோமான்னு இருந்துச்சு எனக்கு.

"அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?"ன்னு கேட்டாங்க. உதடெல்லாம் காஞ்சு போயிருந்துச்சு. இதோன்னு உள்ள ஓடினேன். தண்ணி ஊத்தினேன். பாதி ஊத்தினப்புறம்தான் கையைப் பார்த்தேன். பேப்பர் டம்ளர். கொத்தனாரு, எலக்ட்ரீசியன், குப்பை எடுக்க வர்றவங்கன்னு யாராவது கேட்டா குடுக்கிறதுக்கு நான் தனியா வாங்கி வெச்சிருக்கிறது. சுத்தத்துக்காகன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டது. யோசிச்சு எடுக்கல. கை தானா அங்க போயிருந்துச்சு.

கொட்டிட்டு, எவர்சில்வர் சொம்புல கொண்டுபோய்க் குடுத்தேன். அவங்க அண்ணாந்துதான் குடிச்சாங்க. வாய் வெச்சுக் குடிங்கன்னு சொல்லணும்னு நினைச்சேன், நாக்கு எழல. ஆனா இன்னொண்ணைச் சொன்னேன். பொண்ணைக் கூப்பிட்டு, அவங்க முன்னாடியே, "ஆன்ட்டி ஒண்ணுமே சொல்லலடி. வடகத்தை மிதிச்சுட்டான்னு அம்மாதான் பொய் சொல்லி அனுப்பினேன்"னு சொல்லிட்டேன். எம் பொண்ணு என்னை ஒரு பார்வை பார்த்தா. அந்தப் பார்வைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

"விடுங்கக்கா. இனிமே எம் பேரைச் சொல்லணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க"ன்னாங்க நர்ஸ். கோபமா சொல்லல. மறுபடி டூட்டிக்குக் கிளம்பணும்னு போயிட்டாங்க.

பொண்ணு ரொம்ப நாள் எங்கிட்ட சரியா பேசல. அப்புறம் சமாதானமாயிட்டா. இப்ப நாங்க நர்ஸ் வீட்டுக்குப் போறோம், அவங்களும் வர்றாங்க. நான் பொய் சொன்னது ரெண்டு பேருக்கும் தெரியும், மன்னிச்சுட்டாங்க. அடுப்படியில என் கை எங்க போச்சுங்கிறது மட்டும் ரெண்டு பேருக்கும் தெரியாது. நாத்தனாரைப் பத்தி யாராவது குறை சொன்னா இப்பல்லாம் நான் வாயே திறக்கிறதில்ல. அவங்களாவது செஞ்சதைப் போன் போட்டுச் சொன்னாங்க, நான் அந்தப் பேப்பர் டம்ளரைக் கசக்கிக் குப்பைக் கூடையில போட்டு, மேல காய்கறித் தோலைத் தள்ளி மூடினவ.