நான் பாராட்டிய ஒரு காட்சி

தொண்ணூறுகளில் ஏழெட்டு வருடங்கள் நான் சினிமா விமர்சனம் எழுதினேன். கோயம்புத்தூரில் வந்துகொண்டிருந்த ஒரு மாலைப் பத்திரிகையில், சனிக்கிழமைதோறும், உள்பக்கத்தில் முக்கால் பத்தி. மற்ற நாட்களில் பீளமேட்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் காலைக் காட்சிக்குப் போவேன். மத்தியானம் திரும்பி வந்தால் நூலகர், "படம் எப்படீங்க, ஊட்ல எல்லாரையும் கூட்டிட்டுப் போலாமுங்களா?" என்று கேட்பார். என் விமர்சனத்தைப் படித்தவர்கள் பெரும்பாலும் தெரிந்துகொள்ள விரும்பியதும் அவ்வளவுதான்.

ஆனால் சிலர் அதற்கு மேலும் கவனித்தார்கள். "சின்னச் சின்ன விஷயமெல்லாம் உங்க கண்ணுல படுதுங்க" என்பார்கள். அந்தக் கண் என்னுடையது அல்ல. என் பெரியப்பா மகளுடையது.

என்னைவிட ஆறு வயது சின்னவள். பெரியப்பாவுக்குக் கொடுமுடிப் பக்கம் மஞ்சளும் கரும்பும் விளைகிற தோட்டம். மகளைக் கல்லூரிக்கு அனுப்பியபோது, விடுதி வேண்டாம் என்று பீளமேட்டில் எங்கள் வீட்டில்தான் தங்கவைத்தார். மூன்று வருடம் எங்களோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு நானும் அவளும் போவோம். நான் ஏற்கெனவே பார்த்து எழுதிய படமாகவும் இருக்கும், இனி எழுதவேண்டியதாகவும் இருக்கும். அவள் திரையில் யாரும் பார்க்காத மூலையைப் பார்ப்பாள்.

"ஏனுங்ணா, ரெண்டு நாளாச் சோறு இல்லீன்னு அந்தம்மா அழுகறாங்க. பொறத்தால அடுப்புல பால் பொங்குது பாருங்க."

அதை அப்படியே எழுதினேன். ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, இப்படித்தான் எழுத வேண்டும் என்றார். அவள் சொன்னவற்றில் நான் எழுதாமல் விட்டதும் உண்டு. ஒரு படத்தில் கதாநாயகன் கதாநாயகியை ஓங்கி அறைகிறான்; அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெட்கத்தோடு சிரிக்கிறாள். அரங்கத்தில் விசில் பறந்தது. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது இவள் கேட்டாள்.

"அறைஞ்சவொடனே சிரிக்கறா. கன்னம் வலிக்காதுங்களா?"

குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகை, இதையெல்லாம் பெரிதாக்கினால் நன்றாக இராது என்று விட்டுவிட்டேன். அவளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

படிப்பு முடிந்த வருடமே கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீடு தொண்டாமுத்தூரைத் தாண்டி, மலை அடிவாரத்தில். தென்னந்தோப்பு, காய்கறித் தோட்டம், சொந்தத்தில் மரியாதை. அந்த வீட்டில் பெண்கள் சினிமாவுக்குப் போகிற வழக்கம் இல்லை. மாதம் ஒருமுறை என் விமர்சனங்களை வெட்டி ஒரு உறையில் போட்டு அவளுக்கு அனுப்புவேன். இன்னொரு உறை பெரியப்பாவுக்கு. அவர் அதைத் தோட்டத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார் என்று தெரியும். எனக்கு அதில் பெருமை இருந்தது.

ஒரு பொங்கலுக்கு முன்னால் அந்தப் படம் வந்தது. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றிலேயே எடுத்திருந்தார்கள். பேச்சும் எங்கள் பேச்சு. கதாநாயகன் ஊர்ப் பெரியவர். அவர் சொல்வதுதான் ஊருக்குத் தீர்ப்பு. நடுவில் ஒரு காட்சி. கட்டிக்கொடுத்த தங்கை, கணவன் அடித்தான் என்று பிறந்த வீட்டுக்கு வந்து நிற்கிறாள். அண்ணன் அவளை உள்ளே விடுவதில்லை. வாசலிலேயே ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை நிற்கிறார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, அவளை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் நடந்து, புருஷன் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுகிறார். ஊரே இரண்டு பக்கமும் நின்று அழுகிறது. பின்னணியில் நாதஸ்வரம்.

எனக்கும் கண் கலங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அரங்கத்தை விட்டு வெளியே வந்து, டீக்கடையில் நின்றபடியே முதல் வரியை மனதில் எழுதிவிட்டேன். தங்கையின் கண்ணீரைவிட குடும்பத்தின் கௌரவம் பெரிது என்று தெரிந்த அண்ணன் குடை பிடித்து நடக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம் என்று எழுதினேன். அந்த வாரம் நிறையப் பேர் கைகொடுத்துப் பாராட்டினார்கள். உறைகள் இரண்டும் வழக்கம்போல் போய்ச் சேர்ந்தன.

மாசி மாதம் கடைசியில் பெரியப்பாவிடமிருந்து ஆள் வந்தது. தங்கச்சி வந்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறோம், நீயும் வந்துவிடு என்று.

நான் போனபோது வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா, அவருடைய பங்காளிகள், பெரியம்மாவின் தம்பி. அந்தத் தாய்மாமன்தான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர். அவள் உள்கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இடுப்பில் தூக்கும் வயதிலிருந்த அவள் குழந்தையைப் பெரியம்மா சமையல்கட்டில் வைத்திருந்தார். அவள் கதவில் இடித்துக்கொண்டதாக மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். இடித்துக்கொள்ளவில்லை, அவர்தான் தன் கையை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார் என்று அவள் சொன்னாள். ஒருமுறைதான் சொன்னாள், குரலை உயர்த்தாமல்.

 பிறகு மாமன் ஆரம்பித்தார்.

"நடந்தது தப்புத்தானுங்க. நான் இல்லீங்கல. ஆனாப் பொண்ணு வந்து ஊட்ல உக்காந்துட்டா நாளைக்கு நம்ம சொந்தத்துல அடுத்த பொண்ணுகளுக்கு ஆரு வருவாங்க? கொண்டுபோய் உட்டுப்போட்டு, நாலு வார்த்தை சொல்லிப்போட்டு வாரதுதான் மொறை."

பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மனம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. யாராவது வேறு மாதிரிச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரிதான் இருந்தது. மாமன் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, நீங்க படிச்சவங்க. நீங்களே பேப்பர்ல எழுதியிருந்தீங்களே, அந்தக் கொடை புடிச்சுட்டுப் போற சீனை. மச்சான் எங்கிட்டப் படிச்சுக் காட்டுனாருங்க. அதுல எழுதுனது நெசந்தானுங்களே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். சினிமா வேறு, வீடு வேறு என்று சொல்லியிருக்கலாம். நான் எழுதியது தப்பு என்றும் சொல்லியிருக்கலாம். அந்தக் கையைப் பாருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"எழுதுனது எழுதுனதுதானுங்க மாமா."

அதை அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பா எழுந்து கைகால் கழுவப் போனார். கொண்டுபோய் விடுகிற பொறுப்பும் எனக்கே வந்தது, அண்ணன் முறை என்று.

கொடுமுடியில் பாசஞ்சர் ரயில் ஏறி ஈரோட்டில் மாறினோம். கோயம்புத்தூரில் இறங்கிக் காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ். குழந்தை என் மடியில் தூங்கியது. ஈரோடு வரைக்கும் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். திருப்பூர் தாண்டியதும் கேட்டாள்.

"அந்தப் படத்துல, அந்தப் புள்ளைய உள்ள உட்டு அவிய கதவச் சாத்துன பொறவு என்னங்ணா காட்டுனாங்க?"

யோசித்துப் பார்த்தேன். "அடுத்த சீன் பாட்டு" என்றேன்.

"அவளைக் காட்டவே இல்லீங்களா?"

"கடைசில ஒருக்கா வர்றா. கொழந்தைய இடுப்புல வெச்சுட்டு."

"சிரிச்சுட்டுங்களா?"

"ஆமா."

அவள் கட்டுப்போட்ட கையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். "நான் உங்ககூட வந்து பார்த்திருந்தா இதைத்தானுங் கேட்டிருப்பேன். உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தூங்கிய குழந்தையை மடியிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டேன். தோட்டத்து வீட்டில் மாப்பிள்ளை மரியாதையாக வரவேற்றார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். நாலு வார்த்தை சொல்லிவிட்டு வரச் சொல்லியிருந்தார்களே, அதில் ஒரு வார்த்தையை ஆரம்பித்தேன். அவர் தலையைக் குனிந்து, "கோவத்துல ஆயிப்போச்சுங்க மச்சான்" என்றார்.  இளநீரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

அந்த வாரமே மறுபடியும் அந்தப் படத்துக்குப் போனேன். இந்தத் தடவை திரையைப் பார்க்காமல் பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசைகளைப் பார்த்தேன். குடைக்காட்சியில் பலர் அழுதார்கள். முதல் தடவை நான் அதைப் பாசத்தில் வந்த அழுகை என்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நடுவயது அம்மாள் அழாமல், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு ஆரம்பித்த பிறகும் அவர் திரும்பவில்லை. அவருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமையும் இல்லை.

பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் இரண்டாவது விமர்சனம் ஒன்றை எழுதினேன். நான் முன்பு எழுதியது தவறு என்று தொடங்கி, அந்தத் தங்கைக்கு அதற்குப் பிறகு என்ன ஆனது என்று படம் எடுத்தவர்களைக் கேட்டு முடித்திருந்தேன். ஆசிரியர் நிதானமாகப் படித்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா மொதல்ல நாமளே தூக்கி வெச்சோம். இப்ப நாமளே கீழ போடறதுங்களா? படிக்கறவங்க சிரிப்பாங்க. ஊரே கொண்டாடற படம். உடுங்க, அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டு படம் வருது."

வாதாடியிருக்கலாம். எழுத மாட்டேன் என்று எழுந்து வந்திருக்கலாம். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு படத்தையும் பார்த்து எழுதினேன். அதற்குப் பிறகு அவளுக்கு உறை அனுப்பவில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த வருடம் அவள் தானாகவே வெளியேறினாள். ஒரு விடியலில் யானைகள் தோப்புக்குள் இறங்கியிருந்தன. வீட்டு ஆண்களும் வேலையாட்களும் தகரமும் பட்டாசும் எடுத்துக்கொண்டு தோட்டத்தின் கடைசி வேலிக்குப் போயிருக்கிறார்கள். மாமியார் கொல்லைப்புறத்தில் நின்று அங்கேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சான்றிதழ்கள் இருந்த கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, முன்வாசல் வழியாக நடந்து முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். பெரியப்பா வீட்டுக்கும் போகவில்லை, எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. கல்லூரியில் கூடப் படித்த ஒருத்தியின் வீட்டுக்குப் போனாள். அந்தத் தோழியின் வாப்பா உக்கடத்தில் மரக்கடை வைத்திருந்தவர். மாப்பிள்ளை வீட்டார் தேடிவந்தபோது கடையை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து, "அம்மணி எங்க ஊட்டுப் புள்ளைங்க. பேசறதுன்னா எங்கிட்டப் பேசுங்க" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் ஆசாரத்தில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரில் ஒருவரும் சொல்லாதது.

பெரியப்பா ஒரு வருடம் அவளோடு பேசவில்லை. பெரியம்மா யாருக்கும் தெரியாமல் மஞ்சளும் பருப்பும் கொடுத்தனுப்பினார். விவாகரத்து வழக்கு நடந்தது, முடிந்தது. அவள் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து, பக்கத்திலேயே ஒற்றை அறை வாடகைக்கு எடுத்தாள். நான் விமர்சனம் எழுதுவதைத் தொடர்ந்தேன். முன்பு விட்டதையெல்லாம் எழுத ஆரம்பித்தேன். அறைந்த கன்னத்தைப் பற்றியும் எழுதினேன். இவருக்கு எதைப் பார்த்தாலும் குறை என்று கடிதங்கள் வந்தன. எனக்கு அவை ஆறுதலாகவும் இல்லை, தண்டனையாகவும் இல்லை. ஆசிரியர் மெல்ல மெல்ல என் பத்தியைக் குறைத்தார், ஒருநாள் நிறுத்தினார்.

அது நின்றபின் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் அறைக்குப் போனேன். விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். "வாங்ணா" என்று நாற்காலியைக் காலிசெய்து கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். மணிக்கட்டு லேசாகக் கோணியே கூடியிருந்தது. குழந்தையைப் பற்றி, பெரியம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம். கடைசியில் நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும் என்றேன்.

அவள் சிவப்பு மையில் ஒரு கணக்கை அடித்துவிட்டு, பேனாவை மூடினாள்.

"நீங்க பேசியிருந்தாலும் அவங்க என்னைய அனுப்பித்தானுங் வெச்சிருப்பாங்க. மாமன் உட்டிருக்க மாட்டாருங்க."

பேனாவைத் தாள்மேல் வைத்துவிட்டு, "அதுக்காவ நீங்க பேசாதது சரின்னு ஆயிராதுங்ணா" என்றாள்.

கோபம் இல்லாமல்தான் சொன்னாள். நான் தலையாட்டினேன். காபி போட்டுக் கொடுத்தாள், குடித்தேன். ஊரில் என்ன படம் ஓடுகிறது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மேற்கே மேகம் கூடியிருந்தது. "மழ வரும்போல இருக்குதுங்க, கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டாள்.