நூலகத்தின் முதல் ஸ்பானில் குறைந்த ஆறு அங்குலம்

1. ரேக் வந்த நாள்

திருவொற்றியூர் பட்டறையிலிருந்து இரும்பு ரேக்குகளோடு லாரி வந்து நின்றபோது நான் சைட்டில்தான் இருந்தேன். ட்ரேஸருக்குச் சைட்டில் ஒரு வேலையும் கிடையாது. எஞ்சினியர் பென்சிலில் போட்ட வரைபடத்தின் மேல் ட்ரேசிங் துணியை விரித்து, மையால் அப்படியே எடுத்து எழுதுவதுதான் என் வேலை. அந்தத் துணியிலிருந்துதான் சைட்டுக்கு ப்ளூபிரிண்ட் போடுவார்கள். மேஜையை விட்டு எழுந்தாலே ஏன் எழுந்தாய் என்று கேட்பார்கள். ஆனாலும் புது நூலகத்தில் முதல் ரேக் நிற்பதைப் பார்க்க ஆசைப்பட்டுப் போயிருந்தேன். ஆசைப்பட்டதற்கு நன்றாகக் கிடைத்தது.

நான்கு ரேக் சேர்ந்தால் ஒரு வரிசை. வரிசையின் நீளம் பதிமூன்று அடி இரண்டு அங்குலம். பழைய கட்டடத்தின் சுவருக்கும் புதுக் கட்டடத்தின் முதல் தூணுக்கும் நடுவில், ஸ்பான் என்று நாங்கள் சொல்கிற இடைவெளியில் அது நிற்க வேண்டும். மூன்று ரேக் நின்றது. நான்காவதைத் தள்ளினார்கள், தூக்கினார்கள், சாய்த்தார்கள், திட்டினார்கள். போகவில்லை. எஞ்சினியர் ரங்கநாதன் டேப்பை வாங்கித் தானே பிடித்தார். இருக்க வேண்டியது பதிமூன்றரை அடி. இருந்தது பதிமூன்று.

தலைக்கு மேலே கூரை கான்கிரீட் போட்டு முடித்திருந்தார்கள். இனி தூணை யாராலும் நகர்த்த முடியாது. மேலே வரப்போகிற மூன்று மாடிக்கும் அதே தூண்தான்.

"மார்க்கிங் கொடுத்தது யாரு?" என்றார் எஞ்சினியர்.

ஏழுமலை முன்னால் வந்தார். காசிமேட்டுக்காரர், ஐம்பது வயது மேஸ்திரி. தலையில் ஜல்லி சுமந்து வேலையில் சேர்ந்தவர். நூல் பிடித்துத் தூணுக்கு இடம் குறித்துக் கொடுக்கிற அளவுக்கு வர அவருக்கு இருபது வருஷம் ஆகியிருந்தது. சட்டைப் பையிலிருந்து ப்ளூபிரிண்டை எடுத்துப் பிரித்தார். மடித்து மடித்து அது கந்தலாகியிருந்தது.

"சார், மத்த எடத்துல எல்லாம் நம்பரு கீது. இங்க மட்டும் இல்ல. ஸ்கேல் வெச்சிப் பாத்தேன், பதிமூணு வந்துச்சி. அப்டியே வெச்சிட்டேன்."

"ஸ்கேல் வெச்சு அளக்கக் கூடாதுன்னு இதுலயே எழுதியிருக்கே. பார்க்கலையா?"

"அது இங்கிலீஸ்ல கீது சார்."

யாரோ சிரித்தார்கள். அந்த வரியை எழுதியது நான். என் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து அச்சா என்று கேட்பார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. படிக்க வேண்டியவருக்குப் படிக்கத் தெரியுமா என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

"நம்பர் இல்லேன்னா வந்து கேக்கறதுக்கென்ன?"

"அன்னிக்கி கேக்க ஆளில்ல சார். கம்பி கட்றவங்கோ எல்லாம் குந்திகினு இருந்தாங்கோ."

எஞ்சினியர் என்னைப் பார்த்தார். "மிஸ் ஸ்டெல்லா, ட்ரேசிங்கை எடுத்துண்டு வாங்கோ."

ஓடிப் போய்ச் சுருளைக் கொண்டுவந்தேன். பிரித்துப் பார்த்தார். அந்த இடத்தில் 13'-6" என்று கறுப்பு மையில், என் கையெழுத்தில், பளிச்சென்று இருந்தது. ஏழுமலையின் தாளில் அதே இடத்தில் சரியாக ஒரு மடிப்பு விழுந்து, நீலம் தேய்ந்து வெளுத்துப் போயிருந்தது.

"இதோ இருக்கே நம்பர்! பையில வெச்சு வெச்சு வேர்வையில அழிச்சிட்டு, இல்லேங்கிறியா?"

ஏழுமலை தன் தாளைப் பார்த்தார், என் துணியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற காண்ட்ராக்டர், "அடுத்த சனிக்கிழமையோட நின்னுக்கோய்யா" என்றார்.

சுருளைப் பிடித்துக்கொண்டு நான் மரம் மாதிரி நின்றேன்.

2. மூன்று கட்டடம்

நர்மதா என்று ஒரு ஆராய்ச்சி மாணவி பல்கலைக்கழகத்து நூலகக் கட்டடங்களின் வரலாற்றை எழுதி, எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். அவளுக்குத் தெரியாத சங்கதியை நான் சொல்லாவிட்டால் இனிமேல் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ராயபுரத்தில் அந்த நூலகம் ஒரே கட்டடம் இல்லை, மூன்று. முதலாவது வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் கட்டடம். சுண்ணாம்புக் காரை, மரச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, கூரையை ஒட்டி உயரத்தில் ஜன்னல். படிக்க வருகிறவர் கடலைப் பார்த்துவிடக் கூடாது என்றே கட்டினமாதிரி இருக்கும். புத்தகம் பெருகி அங்கே இடம் போதாமல் போனதும், பக்கத்தில் காலியாகக் கிடந்த தோல் கிடங்கை வாங்கினார்கள். அது இரண்டாவது. வார்ப்பிரும்புத் தூண், இரண்டடிச் சுவர். சட்டப் புத்தகத்தைத் திறந்தாலும் சரி, சரித்திரப் புத்தகத்தைத் திறந்தாலும் சரி, தோல் வாடைதான். வாசித்துவிட்டு வீட்டுக்குப் போனால் குளிக்காமல் உள்ளே விட மாட்டார்கள்.

அறுபதுகளின் கடைசியில் கிடங்குச் சுவரை ஒட்டி எழுந்த நான்கு மாடிக் கான்கிரீட் கட்டடம்தான் மூன்றாவது. முதல் இரண்டையும் மனிதரையும் சரக்கையும் நினைத்துக் கட்டினார்கள். இதில் மட்டும் முதலில் ரேக்கின் அளவை முடிவு செய்துவிட்டு, அதற்கேற்பத் தூண் வைத்தார்கள். ரேக் நிற்காவிட்டால் அந்தக் கட்டடத்துக்கே அர்த்தமில்லை. எஞ்சினியருக்கு வந்த கோபத்தில் தப்பே கிடையாது.

3. சுரண்டிய இடம்

நடந்தது இதுதான். கிடங்குச் சுவரிலிருந்து முதல் தூணுக்கு முதலில் பதிமூன்று அடி என்றுதான் வரைந்திருந்தோம். பட்டறையிலிருந்து ரேக்கின் சரியான நீளம் வந்ததும் எஞ்சினியர் அதைப் பதிமூன்றரை ஆக்கச் சொன்னார். ஆறு அங்குலத்துக்காக முழு வரைபடத்தையும் எந்த ஆபீஸிலும் திரும்ப வரைய மாட்டார்கள். கோட்டைத் தொடாமல் எண்ணை மட்டும் மாற்றுவோம். ஸ்கேல் வைத்து அளக்காதே என்று கீழே எழுதுவது இதற்காகத்தான். கோடு பழைய கதையைச் சொல்லும், எண்தான் நிஜம்.

ட்ரேசிங் துணியில் மையை ரப்பரால் அழிக்க வராது. பிளேடால் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடம் பொசுபொசுவென்று ஆகிவிடும். உடனே எழுதினால் மை ஊறிப் பரவும். சாக்பீஸ் பொடி தேய்த்து, நகத்தால் நீவி, கொஞ்ச நேரம் விட்டுத்தான் எழுத வேண்டும். பழைய எண்ணைச் சுரண்டினேன், பொடி தேய்த்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. அம்மா நெத்திலிக் குழம்பு கட்டிக் கொடுத்திருந்தாள். வந்து எழுதிக்கொள்ளலாம் என்று எழுந்தேன்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் மேஜையில் ட்ரேசிங் இல்லை. சைட்டில் அவசரம் என்று பியூன் அதைப் பிரிண்ட் போட எடுத்துப் போயிருந்தான். மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தது. அவசர அவசரமாக எண்ணை எழுதி, சுருட்டி, அலமாரியில் வைத்தேன். பிரிண்ட் எண் இல்லாமல் போய்விட்டது என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் நினைத்தேன். அப்புறம் நினைக்கவும் இல்லை.

ஆக, ஏழுமலை சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. அவர் தாளில் அந்த எண் ஒரு நாளும் இருந்ததில்லை.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். என் வேலை டெம்பரரி. கன்ஃபர்ம் பண்ணுகிற ஃபைல் எஞ்சினியர் மேஜையில் கிடந்தது. அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டி ரிட்டையர் ஆகிவிட்டார், தம்பி படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான். நல்ல காரணங்கள்தான். ஆனால் அந்த ஞாயிறு சர்ச் பூசையில் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகக் கால் வரவில்லை, மனதில் பாவத்தோடு அதை வாங்கக் கூடாது. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

4. ஏழுமலை கேட்டது

புதன்கிழமை அவர் ஆபீஸ் வாசலுக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"யம்மா, ஒரு ஒத்தாச. நீ படிச்ச பொண்ணு." கந்தல் தாளை என் முன்னால் விரித்தார். "இந்த எடத்துல நம்பரு இருந்து அழிஞ்சிச்சா, இல்ல மொதல்லயே இல்லியா? நல்லா பாத்து சொல்லு."

"ஏன் மேஸ்திரி?"

"இல்லன்னு தாம்மா நான் சொல்லிகினு கீறேன். ஆனா எஞ்சினியரு சார் அவ்ளோ சொல்றாரு. ரெண்டு நாளா எனக்கே டவுட்டு. கண்ணு போயிட்சோ இன்னாவோ. கண்ணு போயிருந்தா சொல்லிடும்மா, நானே மார்க்கிங் வேலய வுட்டுடறேன். அடுத்த கட்டடம் எவன் தலமேலயாவது வுழுந்துடப் போவுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போகப்போகிறது, அந்தக் கவலையைக்கூட அப்புறம் வைத்துக்கொண்டு, அவர் தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்கிறார். துறைமுகத்துப் பக்கம் எல்லாக் காண்ட்ராக்டருக்கும் எல்லாரையும் தெரியும். அளவில் தப்பு விட்டவன் என்று பெயர் விழுந்தால் நூலைக் கையில் கொடுக்க மாட்டார்கள். திரும்பவும் ஜல்லிக் கூடைதான். அதைவிடப் பெரிய அநியாயம், செய்யாத தப்பை அவரே செய்ததாக நம்ப ஆரம்பித்துவிட்டது. அதைச் செய்தது நான்.

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல மேஸ்திரி. நம்பர் இல்ல. நான்தான் எழுதாம வுட்டேன்" என்றேன். ஆபீஸ் தமிழெல்லாம் அந்த நிமிஷம் எங்கே போனதோ, வீட்டில் பேசுகிறமாதிரியே வந்தது.

"அடிப் பாவி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் தாளை மடித்து மறுபடியும் பையில் வைத்துக்கொண்டார்.

சுருளை எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டு எஞ்சினியர் அறைக்குப் போனேன். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். சுரண்டிய இடம் மட்டும் மெலிந்து, எண்ணைச் சுற்றி ஒரு திட்டாக வெளிச்சம் விட்டது. அவசரத்தில் எழுதியதால் மையின் ஓரம் லேசாகப் பரவியும் இருந்தது. நடந்ததை நெத்திலிக் குழம்பு வரைக்கும் சொன்னேன்.

"உங்க ஃபைல் எங்கே இருக்கு தெரியுமா?" என்றார் எஞ்சினியர்.

"தெரியும் சார். உங்க மேஜையில."

"தெரிஞ்சும் சொல்றேள்."

ட்ரேசிங்கின் கீழ் மூலையில் இருந்த கட்டத்தை விரலால் தடவினார். செக்டு, அதாவது சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் அவருடைய இனிஷியல் இருந்தது. மார்க்கிங் முடிந்த மறுநாள் அவரும் மற்ற ஸ்பானையெல்லாம் டேப் வைத்துப் பார்த்தவர், முதல் ஸ்பானைப் பார்க்காமல் விட்டிருந்தார். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏழுமலையை நிமிர்ந்து பார்த்து, "வேலைக்குப் போப்பா. நான் காண்ட்ராக்டர்கிட்ட பேசிக்கறேன்" என்றார். என் ஃபைலை எடுத்து என் எதிரிலேயே ஃபைல் கட்டின் அடியில் செருகினார். அது மேலே வர இன்னொரு வருஷம் ஆனது.

5. ரேக் போகாத இடம்

அந்த ஸ்பானை என்ன செய்வதென்று சைட்டில் பெரிய யோசனை நடந்தது. ரேக்கை வெட்டலாமா, சுவரைச் செதுக்கலாமா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் ஏழுமலைதான் சொன்னார்.

"ரேக்கு போவலன்னா ஆளு போவட்டும் சார்."

"என்னப்பா சொல்றே?"

"செவுத்து ஓரமா ஒரு மேட போட்டுடலாம். சிகப்பு ஆக்சைடு பூசினா குளுகுளுன்னு இருக்கும். ஜன்னல கீழ எறக்கிட்டா ஹார்பர் தெரியும், காத்து வரும். படிக்கிற பசங்க குந்திகினு படிக்கட்டுமே. எல்லாமே புஸ்தகத்துக்கேன்னா, படிக்கிறவன் எங்க சார் போவான்?"

எஞ்சினியர் பென்சிலை எடுத்தார். நான்கு மாடியிலும் அந்த மேடை வந்தது. மேடையின் விளிம்பை ஏழுமலை தன் கையாலேயே உருட்டி வழித்தார், தொடையில் உறுத்தாமல் இருக்க.

கட்டி முடிந்ததும் கட்டியபடிக்கு ஒரு வரைபடம் போட்டு வைப்பது வழக்கம். அதையும் நான்தான் எடுத்தேன். முதல் ஸ்பானில் 13'-0" என்று எழுதினேன், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் எழுதினேன். கீழ் மூலையில் வரைந்தவர், எடுத்து எழுதியவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று நான்கு கட்டம் உண்டு. நூல் பிடித்தவருக்குக் கட்டம் கிடையாது. நான் ஐந்தாவதாக ஒன்று போட்டேன். 'முதல் ஸ்பான், இருக்கை: டிசைன், கே. ஏழுமலை' என்று என் அச்சு இங்கிலீஷில் எழுதினேன். எஞ்சினியர் கையெழுத்துப் போட வந்தபோது அந்தக் கட்டத்தில் பேனா நின்றது. அப்புறம் தன் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

6. நர்மதாவின் கேள்வி

நர்மதாவின் புத்தகத்தில் மூன்றாவது கட்டடத்தைப் பற்றிய பகுதியில் அந்த இருக்கைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறாள். புத்தகத்தின் ஆட்சியிலிருந்து வாசகனை மீட்டெடுத்த வடிவமைப்பு என்று எழுதியிருக்கிறாள். வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கே. ஏழுமலை, அவரைப் பற்றி வேறு தகவல் கிடைக்கவில்லை என்று அடிக்குறிப்பு. படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன்.

போன் பண்ணிக் கேட்டாள். "மேடம், அந்த ஸ்பான் மட்டும் ஆறு இன்ச் சின்னதா இருக்கே, அதுக்கு ஏதாவது காரணம் இருக்கா?"

"இருக்கு. என் தப்பு. அடுத்த பதிப்புல என் பேரைப் போட்டு எழுது" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறவர்களுக்கு பிளேடும் இல்லை, சாக்பீஸ் பொடியும் இல்லை. ஆனால் சுரண்டிய இடம் எல்லா வேலையிலும் இருக்கிறது. அதை நிரப்பாமல் சாப்பிடப் போகாதீர்கள். போய்விட்டால், வந்ததும் வாயைத் திறந்து சொல்லுங்கள். நீங்கள் விட்ட இடத்தை அந்தப் பக்கம் ஒரு மனுஷன் தன் கண்ணை நம்பி அளந்துகொண்டிருப்பான்.

எல்லாம் கேட்டுவிட்டு நர்மதா தயங்கித் தயங்கிக் கடைசியாக ஒன்று கேட்டாள். "அப்போ ஏழுமலைங்கிறவர் ஆர்க்கிடெக்ட் இல்லையா மேடம்? அதையும் திருத்திடவா?"

"அதைத் தொடாதே. அது சரியாத்தான் இருக்கு" என்றேன்.