குடைக் கேள்வியின் விடை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'வருத்தமான செய்தி' என்று தலைப்பு. எங்களோடு ஒன்பது ஆண்டுகள் வேலை செய்த தவமணி ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பால் காலமானார். எப்போதும் சிரித்த முகம். எந்த வேலையையும் முடியாது என்று சொல்லாதவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். எங்கள் குடும்பத்தில் ஒருவர். கீழே எங்கள் மேலாளர் மார்ட்டினின் பெயர் இருந்தது.

முதல் தடவை வாசித்தபோது இறப்புச் செய்தி மட்டும்தான் கண்ணில் பட்டது. இரண்டாம் தடவை வாசித்தபோது பற்றிக்கொண்டு வந்தது. குடும்பத்தில் ஒருவராம். அந்த ஒருவரை ஒன்றரை வருடத்துக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பியது யார் என்று அந்த மின்னஞ்சலில் ஒரு வரி இல்லை.

தவமணி அக்காவை அறிந்தவர்களே, உங்களுக்குத் தெரியும். அலுவலகத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது நாலைந்து தடவை இருக்கும். 'ஏலாது', அதாவது முடியாது, என்ற சொல் அவர் வாயில் வணக்கத்துக்கு முன்னால் வரும். அதிர்ந்து பேசத் தெரியாதவரா? லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் அலுவலகம் ஒரு முடிவெட்டும் கடைக்கு மேலே இருக்கிறது. அக்கா கூட்டத்தில் பேசத் தொடங்கினால், கீழே முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார். அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு நினைவு மலர் அச்சடிக்கிறோம், ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று அக்காவின் தங்கை மகள் வினோதா கேட்டாள். "எல்லாரும் நல்லதாத்தான் எழுதியிருக்கினம் அங்கிள். நீங்களும் நைஸா ஏதாவது எழுதுங்கோ, பெரியம்மாக்குப் பிடிச்ச மாதிரி" என்றாள். பெரியம்மாவுக்குப் பிடித்த மாதிரி எழுதினால் அது நைஸாக இருக்காது. ஒரு பக்கத்திலும் அடங்காது. மன்னித்துக்கொள் அம்மா.

எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சீனாவில் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக ஆங்கிலம் படிக்கிறார்கள். அவர்களுக்கான பயிற்சிப் புத்தகங்களை நாங்கள் இங்கே தயாரிக்கிறோம். ஒரு சிறு கட்டுரை, அதன் கீழே நான்கு கேள்விகள், ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். கட்டுரையை வாசித்துச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டுரையும் கேள்வியும் எழுதுவது அக்கா. அச்சுக்குப் போகும் முன் கடைசியாகச் சரிபார்ப்பது நான்.

அக்காவிடம் ஒரு அட்டை இருந்தது. கோயில் நாட்காட்டியின் பின்னட்டையை அளவாக வெட்டி வைத்திருந்தார். கேள்வி எழுதி முடித்ததும் கட்டுரையை அந்த அட்டையால் மூடிவிடுவார். கேள்வியையும் நான்கு விடைகளையும் மட்டும் காட்டி, அகப்பட்டவர்களிடம் எல்லாம் விடை கேட்பார். கட்டுரையை வாசிக்காமலே பலர் சரியாகச் சொல்லிவிட்டால் கேள்வி குப்பைக்குப் போகும். இதைச் செய்யச் சொல்லி எங்கள் நிறுவனத்தில் யாரும் கேட்கவில்லை. செய்யாதே என்றுதான் மார்ட்டின் பலமுறை கேட்டார், நேரம் போகிறதாம்.

ஒரு சனிக்கிழமை ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் மரக்கறிக் கடையில் அவரைப் பார்த்தேன். பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அக்கா கல்லாவில் தாளை வைத்து அட்டையால் மூடிக்கொண்டு நிற்கிறார்.

"அக்கா, இண்டைக்கும் சோதனையோ? சனம் நிக்குது" என்றார் கடைக்காரர்.

"நிக்கட்டும். ஒரு கேள்விதான். சொல்லுங்கோ."

கடைக்காரர் கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே மூன்றாவது விடை என்றார். அது சரியான விடை. அக்கா கடைக்காரரை முறைத்தார், அவர் ஏதோ திருடிவிட்டது போல. தாளைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இவ்வளவு பாடுபட்டு எழுதினன், கத்தரிக்காய் நிறுக்கிற மனுசன் வாசிக்காமல் சொல்லிப் போட்டார்" என்று என்னிடம் சொன்னார். அந்தக் கேள்விக்கு அவர் இரண்டு நாள் செலவழித்திருந்தார்.

எனக்கு அவர் கேள்வி எழுதும் வேலையும் சில நாள் தந்ததுண்டு. நான் திருச்சிக்காரன், கேள்வித்தாள் என்றால் மனப்பாடம் என்று வளர்ந்தவன். என் முதல் பத்துக் கேள்விகளில் எட்டை அட்டை தின்றது. நான் முகம் சுளித்தேன். "வாசிச்ச பிள்ளை தோற்கக் கூடாது, தம்பி. வாசிச்ச பிள்ளைக்கும் வாசிக்காத பிள்ளைக்கும் ஒரே மார்க் விழுந்தால் பிறகு எதுக்குப் புத்தகம்?" என்றார். மீதி இரண்டை நான் ஒரு நாள் தாமதமாகக் கொடுத்தேன். அவற்றையும் வாங்கவில்லை. "மணி அடிச்ச பிறகு எழுதினது விடை இல்லை." மனிதரிடம் இரக்கமே இல்லையா என்று அன்று வீட்டில் போய் மனைவியிடம் பொருமினேன்.

சீனப் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள், எங்கட பிள்ளைகளுக்கு எழுதலாமே என்று கோயில் மண்டபத்தில் ஒருவர் கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "நான் இந்த நாட்டுக்கு அகதியா வந்து நாற்பது வயதில இங்கிலிஷ் சோதனை எழுதினனான். ஒரு பக்கத்தைத் திருப்பித் திருப்பி வாசிச்சும் விளங்காமல் இருக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும். அதுக்குள்ள எந்த ஊர்ப் பிள்ளையெண்டு பாக்க ஏலாது" என்றார். கேட்டவர் வடையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

இனிக் குடைக் கேள்விக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அக்கா ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஒரு ரயில் நிலையத்தில், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைச் சேர்த்துவைக்கும் அறை. அங்கே வேலை செய்யும் ஒரு பெண். அவருக்கு அதிகமாகக் குடைகள் வந்து சேரும் நாள் எது என்பது கேள்வி. முதல் விடை, நாள் முழுக்க மழை பெய்யும் நாள். இரண்டாவது, காலையில் மழை பெய்து மாலையில் வெயில் அடிக்கும் நாள். மற்ற இரண்டும் விடுமுறை நாள், பனி விழும் நாள். மழை பெய்துகொண்டிருந்தால் யாரும் குடையை மறக்க மாட்டார்கள், வெயில் வந்தால்தான் மறப்பார்கள் என்று அந்தப் பெண் கட்டுரையில் சொல்கிறார். ஆகவே இரண்டாவது விடைதான் சரி. அட்டையால் மூடிக் கேட்டபோது பெரும்பாலானவர்கள் முதல் விடையைச் சொன்னார்கள். அன்று அக்கா சிரித்தார். நான் பார்த்த நாலைந்து சிரிப்பில் அது ஒன்று.

அந்தப் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டிய நாளில் எனக்குத் தலைக்கு மேல் வேலை. விடைப் பட்டியலில் கண்ணை ஓட்டினேன். குடை, மழை, விடை இரண்டாவது என்று இருந்தது. இது எழுத்துப் பிழை என்று நினைத்தேன். கட்டுரையைத் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதி, பக்கத்தில் எங்கள் வழக்கப்படி என் சுருக்கொப்பத்தைப் போட்டேன். வாசிக்காமல் விடை சொன்ன கூட்டத்தில் நானும் ஒருவன். மற்றவர்கள் தாளில் கை வைக்கவில்லை, நான் வைத்தேன்.

ஐந்து மாதம் கழித்துச் சீனாவில் ஒரு சிறு நகரத்திலிருந்து ஒரு மாணவி எங்களுக்குக் கடிதம் எழுதினாள். கவனமான, கொஞ்சம் விறைப்பான ஆங்கிலம். கட்டுரையை ஐந்து தடவை வாசித்தேன், இரண்டாவது விடை என்றே படுகிறது, புத்தகத்தில் முதலாவது என்று இருக்கிறது, புத்தகம்தான் சரி என்று ஆசிரியர் சொல்கிறார், நான் எங்கே தவறாக வாசித்தேன் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

அக்கா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு பழைய கோப்பை எடுத்துக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார். கட்டுரையின் மேல் அட்டையை வைத்தார்.

"சொல்லுங்கோ தம்பி. எந்த நாள்?"

"நாள் முழுக்க மழை பெய்யும் நாள்" என்றேன். எனக்கு இன்னும் எதுவும் புரியவில்லை.

அட்டையை எடுத்தார். "இப்ப வாசியுங்கோ."

வாசித்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். நான் தலையை நிமிர்த்தியபோது விரலை என் சுருக்கொப்பத்தின் மேல் வைத்தார்.

"சரியா வாசிச்ச பிள்ளை, தான் எங்க பிழை விட்டனான் எண்டு எங்களிட்டக் கேட்டு எழுதுது. விளங்குதோ உங்களுக்கு?" குரல் கீழே கடை வரைக்கும் போயிருக்கும். பிறகு தணிந்து, "நான் உங்கட பேரைச் சொல்லமாட்டன். அது நீங்கள் சொல்ல வேண்டிய விடை" என்றார்.

மார்ட்டின் அறையில் நடந்ததை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். விடை பிழை, அந்தப் பிள்ளைக்கு எழுத வேண்டும், பள்ளிகளுக்கெல்லாம் அறிவிக்க வேண்டும் என்றார் அக்கா. ஒரு கேள்விக்காக நிறுவனத்தின் பெயரைக் கெடுக்க முடியாது என்றார் மார்ட்டின். கட்டுரை யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றார் அக்கா. அப்படியானால் பிழையும் உங்களுடையதுதான் என்று மார்ட்டின் முடித்துவிட்டார். கோப்பு அக்காவின் கையிலேயே இருந்தது. அதைத் திறந்திருந்தால் என் ஒப்பம் தெரிந்திருக்கும். அவர் திறக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக எனக்கு மூன்று அடி தூரம்தான்.

நான் போகவில்லை. என் விசா அந்த வேலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் பள்ளியில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இவை உண்மையான காரணங்கள்தான். ஆனால் இந்த ஆண்டு சித்திரையில் நிரந்தர வதிவிடம் கிடைத்தது. அக்கா அப்போது உயிரோடுதான் இருந்தார். அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லையே, அதற்கு என்ன காரணம்? பழகிப்போய்விட்டது. வேறொன்றும் இல்லை.

அக்கா அன்று மாலையே தன் பெயரில் அந்த மாணவிக்கு எழுதினார். நீ சரியாகத்தான் வாசித்திருக்கிறாய், பிழை எங்களுடையது, இதை உன் ஆசிரியரிடம் காட்டு. மூன்றே வரிகள். அந்த மூன்று வரிக்காக அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அறுபத்திரண்டு வயதில் ஒரு கடதாசிப் பெட்டியில் அகராதியையும் அட்டையையும் வைத்துக்கொண்டு படியிறங்கினார். பெட்டியை நான் தூக்கி வருகிறேன் என்றேன். "வேண்டாம், பாரமில்லை" என்றார்.

கடைசியாக அவரைப் பார்த்தது இந்த வைகாசியில், அதே மரக்கறிக் கடையில். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். சுகம் விசாரித்தேன்; அவர் என் சுகத்தை விசாரிக்கவில்லை.

"அந்தப் புத்தகம் ரெண்டாம் பதிப்பு வந்திட்டுதாம். விடையைத் திருத்தினவையோ?"

"தெரியாது அக்கா" என்றேன். எனக்குத் தெரியும். திருத்தவில்லை. அந்தப் பதிப்பையும் கடைசியாகச் சரிபார்த்தவன் நான்.

"தெரியாது எண்டு நாலு விடைக்குள்ள ஒரு விடை நாங்கள் ஒரு நாளும் குடுக்கேல்லை, தம்பி" என்றார். முருங்கைக்காயைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

மார்ட்டின் மேல் எனக்குக் கோபம். இறந்தவரைக் குடும்பம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு எவ்வளவு தைரியம்! தகன மண்டபத்தில் வரிசையாக ஏறி, 'அமைதியே உருவானவர்' என்று பேசிவிட்டு இறங்கியவர்கள் மேலும் கோபம். அக்காவை அட்டையால் மூடிவைத்துக்கொண்டு விடை சொன்னார்கள் எல்லாரும். அக்கா மேலும் எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கோப்பை ஏன் திறக்கவில்லை? ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? கொடுத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எனக்கு நேரம் தந்தார். தந்த நேரத்தையெல்லாம் நான் வீணாக்கினேன். இந்தக் கோபங்களையெல்லாம் சேர்த்தாலும் என் மேல் எனக்கிருக்கும் கோபத்துக்குக் காணாது.

போன வாரம் வினோதா அந்த அட்டையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். "பெரியம்மான்ட மேசையில இருந்தது அங்கிள். இது என்னத்துக்கெண்டு உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். ஒரு மூலை மடிந்து, விரல் படும் இடம் கறுத்திருந்தது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப் போவது அது ஒன்றுதான்.

நேற்று மார்ட்டினுக்கும் எங்கள் புத்தகம் போகும் பள்ளிகளுக்கும் ஒரு கடிதம் அனுப்பினேன். குடைக் கேள்விக்குச் சரியான விடை இரண்டாவது. அதை மாற்றியவன் நான். தவமணி அல்ல. ஒப்பம் தெரியும் பக்கத்தையும் இணைத்திருக்கிறேன். இரண்டாவது விடையை எழுதியதற்காக மார்க் இழந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். மார்ட்டின் நாளைக் காலை தன் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். போகிறேன். இந்த முறை கதவுக்கு வெளியே நிற்க மாட்டேன்.

அக்கா, விடையை எழுதிவிட்டேன். மணி அடித்த பிறகுதான் எழுதியிருக்கிறேன். நீங்கள் மார்க் போட மாட்டீர்கள். போடவும் வேண்டாம்.