அப்பா எப்போது இறந்தார்?

என் கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது அப்பா இறந்துபோனார். அதுவும் உறுதியில்லை.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அம்மா வயிற்றில் நான் ஆறு மாதம். கிடைத்த கப்பலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்தான் இடம். அம்மாவை ஏற்றிவிட்டு, "அடுத்த கப்பல்ல வாறேன்" என்று சொல்லிக் கரையில் நின்றவர் அவர். வரவில்லை. கடிதமும் இல்லை, சாவுச் செய்தியும் இல்லை. தாராவியில் தோல் கிடங்கில் வேலை பார்த்த மாமா, தன் தங்கையையும் கைக்குழந்தையான என்னையும் பம்பாய்க்கு அழைத்துவந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமும் அம்மா நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாகத்தான் இருந்தாள். குழாயடியில் சண்டை வந்தால் மட்டும் யாராவது அதைக் குத்திக் காட்டுவார்கள். நான் பள்ளிக்கூடத்தில் "அப்பா பர்மாவில் இருக்கிறார்" என்பேன். சொல்லிச் சொல்லி அது பொய்யா நிஜமா என்று எனக்கே தெரியாமல் போயிற்று.

மாப்பிள்ளை செம்பூர்க்காரர். டிராம்பே பக்கம் எண்ணெய் ஆலையில் வேலை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, டீயைக் குடித்துவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"மதினி, பொண்ணோட அப்பா பேர எப்பிடிப் போடச் சொல்ல? இருக்காகன்னா, இல்லன்னா?"

அம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்தவளைப் பார்த்தேன். பொட்டில்லை. கழுத்திலும் ஒன்றுமில்லை. வீட்டில் யாரும் அழவில்லை. அழ வேண்டுமா கூடாதா என்றே யாருக்கும் தெரியவில்லை. எனக்குக் கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒன்னைய யாரு இப்பிடிச் செய்யச் சொன்னா?" என்று கத்தினேன்.

"ஒன் கலியாணம் நிக்கப்பிடாதுல்லா" என்றாள்.

கல்யாணம் நிற்கப் பார்த்ததே அதனால்தான். விஷயம் தெரிந்து ஓடிவந்த மாப்பிள்ளையின் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "பேர எப்பிடிப் போடன்னுதான கேட்டேன் மதினி! தாலியக் கழத்தவா சொன்னேன்?"

மாமாவுக்கு வேறு கவலை. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை எங்கள் ஆட்கள் பந்தல் போட மாட்டார்கள். "நேத்து வரைக்கும் பொட்டு வச்சிருந்தா. அப்போ அவரு செத்தது நேத்துன்னுதான ஆளுக சொல்லுவாங்க?" என்று அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார்.

அப்பா நேற்று இறந்தார் என்றால் என் கல்யாணம் போச்சு. குண்டு விழுந்தபோதே இறந்தார் என்றால் அம்மா இத்தனை வருஷம் யாருக்காகப் பொட்டு வைத்தாள்? அவர் அப்போதே செத்திருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் மனசார வேண்டிக்கொண்டேன். முகம் தெரியாத மனிதர்தானே என்று சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன், இன்றுவரை ஆறவில்லை.

எல்லோரும் அம்மாவையே பார்த்தோம். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கப்பல் கெளம்புன அன்னைக்கே போயிட்டாகன்னு வச்சுக்கிடுங்க. எனக்குத்தான் புத்தியில்ல."

மாமாவுக்கு அது போதுமானதாக இருந்தது. பத்திரிகையில் அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று அச்சாகி வந்தது. குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. தாலியைத் தட்டில் வைத்து ஆசி வாங்கக் கொண்டுபோனபோது அம்மா மட்டும் சமையல் நடக்கும் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ரேஷன் கார்டில் என் பெயரைச் செம்பூருக்கு மாற்ற நானும் அம்மாவும் போனோம். அம்மா யாரிடமோ சொல்லி எழுதி வாங்கிய கார்டு அது. மராத்தி எழுத்து எனக்கு வாசிக்க வராது. குமாஸ்தா முதல் பெயரில் விரலை வைத்து, இந்த ஆள் இருக்கிறாரா என்று இந்தியில் கேட்டார். அது அப்பாவின் பெயர். இறந்துவிட்டார் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"ஹை" என்றாள், தனக்குத் தெரிந்த இந்தியில். "பாஹர் கயா ஹை." இருக்கிறார், வெளியே போயிருக்கிறார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"வந்தா சாப்பிடணும்லா" என்றாள்.

குமாஸ்தா என் பெயரை மட்டும் அடித்துவிட்டுக் கார்டை அம்மாவிடம் கொடுத்தார்.