இரண்டடி பின்னால் நடந்தவர்

மரகதம் காலமான செய்தியை அவருடைய கணவர்தான் போனில் சொன்னார். எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவுக்கு அது மறுநாள் வந்தது. கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்தன. உயிரோடிருந்தவரை ஒரு மேடையிலும் அவருக்கு நாற்காலி போடாதவர்களின் கைகள். இதைச் சொல்ல எனக்கும் தகுதி குறைவுதான். கடைசி இரண்டு ஆண்டுகள் நான் அவரோடு பேசவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து கிடந்தபோதுகூடப் போய்ப் பார்க்கவில்லை.

மரகதம் இயன்முறை மருத்துவர். அந்தத் துறையில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நான் கருவியியல் ஆசிரியன். முதியவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பெல்ட் ஒன்றைச் செய்திருந்தேன். அதிலுள்ள தீப்பெட்டி அளவு சென்சார் நடையின் அசைவுகளை அளக்கும். யார் தடுமாறி விழக்கூடும் என்று கணினி முன்கூட்டியே சொல்லும். துறைத்தலைவர் அதைத் தன் கண்டுபிடிப்பாகச் சொல்லிக்கொண்டார். அதை நான் மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. அந்த பெல்ட்டைச் சோதித்துப் பார்க்க வீடு வீடாக என்னோடு அலைந்தவர் மரகதம் ஒருவர்தான்.

எடப்பாடியில் விசைத்தறி ஓட்டும் ஒரு வீடு. பெரியவர் அர்த்தநாரிக்கு எண்பதை நெருங்கும் வயது. பெல்ட்டைக் கட்டி வீட்டுக்குள் நடக்கவிட்டோம். கணினி சிவப்பு காட்டியது. விழும் அபாயம் மிக அதிகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மகன் பயந்துபோய், தினமும் டீக்கடைக்கு நடந்து போய்வந்த மனிதரை வாசலைத் தாண்ட விடவில்லை. பதினைந்து நாள் கழித்து நாங்கள் போனபோது கட்டிலில் கிடந்தார்.

"ஏஞ்சாமி, உங்க பெல்ட்டு என்னைய ஊட்டுக்குள்ளயே கட்டிப்போட்டுருச்சுங்களே" என்றார்.

மரகதம் பெல்ட்டை எடுத்து, தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் கட்டித் தரையில் வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கணினி சிவப்பு காட்டியது.

"ஏனுங்க சார், இந்தக் குடமும் விழுந்துருமாட்ட இருக்குதுங்களே?"

வீடே சிரித்தது. தறி அடிக்கும் வேகமும் மனிதர் காலடி வைக்கும் வேகமும் ஏறக்குறைய ஒன்று. தரையின் நடுக்கத்தை நான் பெரியவரின் நடுக்கமாக எழுதியிருந்தேன். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவன். அதனாலேயே அது என் காதில் ஏறவில்லை.

மகன் சமாதானமாகவில்லை. "இன்னொருக்காத் தப்பாச்சுன்னா? விழுந்து இடுப்பொடிஞ்சா யாருங்க மேடம் பாக்கறது?"

"ஒரு வாரம் உங்கப்பாவுக்கு ரண்டடி பின்னால நானே நடக்கறனுங்க. விழுந்தா என்னையக் கேளுங்க."

கட்டிலிலிருந்து பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். "என்னையப் புடிக்கோணும்னா மொதல்ல என்ற வேகத்துக்கு நடக்கோணும் அம்மிணி."

ஏழு நாள் நடந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மரகதமும் ஒரு பெல்ட் கட்டிக்கொண்டார். தெருவில் பெரியவருடைய பதிவுகள் எல்லாம் பச்சை. அவரை மறுபடி யாரும் தடுக்கவில்லை. இறுதி அறிக்கையில் மரகதம் "எங்கள் பிழை" என்று எழுதினார். பிழை முழுக்க என்னுடையது. அந்தப் பெருந்தன்மையையும் நான் அவமானமாகவே எடுத்துக்கொண்டு பேச்சை நிறுத்தினேன்.

மரகதத்தின் ஊரான ஓமலூரில் நடந்த அடக்கத்துக்குப் பெரியவர் வந்திருந்தார், பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே. மரகதத்தின் கணவர் அவரைக் காட்டிச் சொன்னார்: "தலைக்குள்ள கட்டின்னு, இவரு பின்னால நடந்த அந்த வாரத்துக்கு முன்னாலயே டாக்டர் சொல்லிட்டாருங்க. 'அந்தப் பெரியவரு வெளிய நடமாடட்டும், அப்பறம் ஆஸ்பத்திரிக்கு வாரேன்'னுட்டா."

வீடு திரும்பி, ஒப்பீட்டுக்கென்று எடுத்து நான் திறந்தே பார்க்காத மரகதத்தின் பதிவுகளைத் திறந்தேன். முதல் நாளிலிருந்தே சிவப்பு. தெருவில் தறி இல்லை. அது அவருடைய உடம்பின் தள்ளாட்டம். விழப்போகிறவரைக் கண்டுபிடிக்கக் கருவி செய்தவன் நான். பக்கத்திலேயே இருந்தவரை எனக்குத் தெரியவில்லை.

என் கோபங்கள் என்னிடம் இருக்கட்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஏழாம் நாள் நடைப் பதிவின் இரண்டு கோடுகளை. மேலே பெரியவருடையது, கீழே மரகதத்தினுடையது. கீழ்க்கோட்டில் இரண்டு இடங்களில் அவர் விழப் பார்த்திருக்கிறார். இரண்டு முறையும் அடுத்த அடி, பெரியவரின் அடியோடு சேர்ந்தே விழுந்திருக்கிறது.