முதலாளிக்கு எதிராகக் கை தூக்கிய ஞாயிற்றுக்கிழமை

என்னிடம் இருக்கும் ரஷ்யச் செம்புக் காசுகளில் முதலாவது, விருதுநகரில் ஒரு பழைய பாத்திரக் கடையின் தராசுத் தட்டில் கிடைத்தது. ஒழுகிப்போன செப்புக் குடத்தைப் போட்டுவிட்டு எவர்சில்வர் குடம் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் எடைக்கற்களோடு கறுத்துப்போன வட்டத் தகடு ஒன்றையும் எடுத்து வைத்தார். அது என்ன கல் என்று கேட்டேன்.

"அம்பது கிராம் கல்லு எங்கிட்டோ தொலைஞ்சுபோச்சுக்கா. இது அம்புட்டு எடை நிக்குது. பயப்படாதீக, உங்களுக்கு நட்டம் வராது."

வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கையை நிறைத்தது. முந்தானையில் அழுத்தித் துடைத்ததும் இரட்டைத் தலைக் கழுகு ஒன்று தெரிந்தது. அதன் கீழே ஒரு நாடா, நாடாவில் எழுத்துகள். அவை எனக்குத் தெரிந்த எழுத்துகள்.

தெரியும் என்றால் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். என் அப்பா தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். எங்கள் சிறு வயதில் தமிழில் பெயர்த்த ரஷ்யப் புத்தகங்களை வேன் வைத்துக் கொண்டுவந்து விற்பார்கள். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், விலையோ ஒரு வேளைப் பலகாரக் காசு. அப்பா அள்ளிக்கொண்டு வருவார். அவற்றின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ரஷ்ய மொழியில் ஏதோ இருக்கும். அதை வாசித்தே தீருவது என்று ஒரு கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன். எதற்கும் பயன்படாத படிப்பு என்று வீட்டில் சிரித்தார்கள். கடை வாசலில் நின்றபடி அந்த நாடாவை எழுத்துக்கூட்டினேன். ஐந்து கோப்பெக். கதைகளில் பிள்ளைகள் ரொட்டி வாங்கக் கொண்டுபோகும் அதே கோப்பெக்.

நேரே இரும்புக் கடைக்குப் போய் ஒரு நிஜமான ஐம்பது கிராம் கல் வாங்கி வந்து கொடுத்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்தார்.

இது இரண்டாயிரத்துக்குப் பிறகு சில ஆண்டுகளில் நடந்தது. அப்போது நான் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். தினமும் விருதுநகரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். வேலை முடிந்ததும் சிவகாசியிலேயே ஒரு பிரவுசிங் சென்டரில் நுழைந்து, அந்தக் காசைப் பற்றித் தேடுவேன். படம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கி வரும். முதலில் கிரீடம், அப்புறம் கழுகின் தலை. முழுக் காசும் தெரிவதற்குள் ஊருக்குக் கடைசி பஸ் போய்விடுமோ என்று இருக்கும். அப்படித் தேடித்தான் மதுரையில் நாணயச் சேகரிப்பாளர்கள் ஏலம் நடத்துவது தெரியவந்தது.

அந்த ஏலங்களுக்கு வருகிறவர்கள் பாண்டியர் காசுக்கும் நாயக்கர் காசுக்கும்தான் அடித்துக்கொள்வார்கள். வெளிநாட்டுச் செம்பு கடைசியில் வரும். அதற்குள் பாதிப் பேர் சாப்பிடப் போயிருப்பார்கள். மிச்சமிருக்கும் கூட்டத்தில் நான் என் எண் அட்டையைத் தூக்கினால் போட்டிக்கு ஆள் இருக்காது. இப்படியே ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கும் என் கணவர், பீரோவைத் திறக்கும்போதெல்லாம் சொல்வார்: "இந்த வீட்டுல கனமான ஆளு நான்தான்னு நினைச்சேன். இப்ப உன் காசு என்னையத் தாண்டிப் போச்சு." ஆனால் ஏல நாளில் காலை இட்லியை அவரே ஊற்றி, என்னைப் பஸ் ஏற்றி விடுவார்.

ஓர் ஆண்டு, தீபாவளி போனஸ் வாங்கிய சில நாள்களில், தபாலில் வந்த ஏலப் புத்தகத்தைப் புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டேன். சைபீரியாவுக்கென்று தனியாக அடித்த பத்துக் கோப்பெக். சைபீரியாவின் ஒரு சுரங்கத்தில் கிடைத்த செம்பில் வெள்ளியும் தங்கமும் கொஞ்சம் கலந்திருந்ததாம். பிரித்தெடுக்கக் கட்டுப்படியாகாமல் அப்படியே காசாக்கி, அந்தப் பக்கத்து மக்களுக்கு மட்டும் புழங்கவிட்டார்கள். கீரியைப் போன்ற இரண்டு விலங்குகள் எழுந்து நின்று நடுவில் ஒரு கேடயத்தைப் பிடித்திருக்கும். படத்தில்கூட நான் ஒழுங்காகப் பார்த்திராத காசு, மதுரைக்கு வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்தேன். அந்தக் காசு வந்ததும் கை தூக்கினேன். இரண்டு பேர் தொடர்ந்தார்கள். ஒருவர் சீக்கிரமே விலகினார். "பின்னாடி ஒரு கை" என்று ஏலக்காரர் சொன்னார். நான் ஏற்றினேன். மறுபடியும் பின்னாடி ஒரு கை. விடாமல் வருவது யார் என்று திரும்பிப் பார்த்தேன்.

கடைசி வரிசையில், வெள்ளை வேட்டி சட்டையில், கையில் எண் அட்டையோடு எங்கள் முதலாளி உட்கார்ந்திருந்தார்.

அவரும் என்னை அப்போதுதான் பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் என்னிடம் பேசியதெல்லாம் வவுச்சர், ஆர்டர், லோடு பற்றித்தான். அதிகம் பேசாத மனிதர். காசு சேர்க்கிறவர் என்று கம்பெனியில் யாருக்கும் தெரியாது. நான் சேர்ப்பதும் தெரியாது. முன்னால் திரும்பிக்கொண்டேன். காதெல்லாம் சூடாகிவிட்டது.

"முன்னாடி இருக்க அம்மா, மேல கேக்குறீங்களா?"

மறுநாள் காலை அதே மனிதர் மேஜை முன்னால்தான் போய் நிற்க வேண்டும். வேலை போய்விடும் என்று தோன்றவில்லை. அதைவிட, மரியாதை தெரியாதவள் என்று நினைத்துவிடுவாரோ என்றுதான் இருந்தது. கையில் இருந்த அட்டை ஈரமாகிவிட்டது. பிறகு எனக்கே ஒன்று உறைத்தது. இந்த அறையில் அவரும் ஓர் எண், நானும் ஓர் எண். என் போனஸ், என் ஆசை. கையைத் தூக்கினேன்.

பின்னாலிருந்து ஒரு கை. நான் மறுபடியும் தூக்கினேன். அதற்குப் பிறகு சத்தமில்லை. ஏலக்காரர் மூன்று தடவை கேட்டுவிட்டு மேஜையில் தட்டினார். காசு என்னுடையது. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. என்னைப் பார்த்ததால் விட்டுக்கொடுத்தாரோ என்ற எண்ணம் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது.

பணம் கட்டிக் காசை வாங்கிக்கொண்டு, அவர் கண்ணில் படாமல் பஸ் நிலையத்துக்கு நடந்தேன். பக்கத்தில் கார் வந்து நின்றது. அவரே ஓட்டி வந்திருந்தார்.

"விருதுநகர்தான போறீக? ஏறுங்கம்மா."

பின் கதவைத் திறக்கப் போனேன். "பின்னால உக்காந்தா நான் டிரைவராயிருவேன். முன்னாலயே உக்காருங்க" என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வழியில் திருமங்கலம் வந்தது. அங்கே ஒரு டீக்கடையில் நிறுத்தினார். டீ வந்ததும், "அதக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கைக்குட்டையை மேஜையில் விரித்து, அதன்மேல் வைத்து, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். டீயில் ஆடை படிந்தது.

"நம்ம தொழில்ல வானத்துல நீலம் வரணும்னா செம்பு வேணும்" என்றார். "சிவப்பு, பச்சையெல்லாம் சுளுவா வந்துரும். நீலம் மட்டும் போக்குக் காட்டும். சின்ன வயசுல அந்த நீலத்தோட மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, எந்த ஊருச் செம்பக் கண்டாலும் கையில எடுத்துப் பாக்குற கிறுக்குப் புடிச்சுப்போச்சு. இம்புட்டுப் பெருசாச் செம்புக் காசு அடிச்சவுக ரஷ்யாக்காரவுகதான. அதுல விழுந்தேன். இத்தன வருசமும் சென்னை ஏலத்துலதான் எடுத்தேன், மதுரைக்கு இன்னைக்குத்தான் மொதத் தடவ. நீங்க எப்படி?"

அப்பாவின் புத்தகங்களைப் பற்றிச் சொன்னேன். காசைச் சுற்றியிருந்த எழுத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் இத்தனை நாளும் படத்தை ஒப்பிட்டுத்தான் காசை அடையாளம் கண்டாராம். எழுத்து தெரியாதாம். "இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேட்டுத் தானும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

இதற்குமேல் மனத்தில் வைத்திருக்க முடியவில்லை. "அண்ணாச்சி, நான்னு பாத்துத்தான் நிறுத்திட்டீகளா?"

அவர் காசை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "பொய் சொல்ல மாட்டேன். உங்களப் பாத்ததுக்கு அப்புறமும் ஒரு தடவ தூக்குனேன்ல. வீட்டுல அம்புட்டுக்குத்தான் அனுமதி. அதுக்கு மேல போனா ராத்திரிச் சோறு கெடையாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அப்புறம்தான் அந்தக் காசு எனக்குக் கிடைத்திருக்கிறது என்பதே மனதுக்கு எட்டியது. அன்று வீட்டுக்குப் போய் என் கணவரின் கையில் அதை வைத்தபோது, அவர் கை சற்றுத் தாழ்ந்தது. "ஆத்தாடி" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை எல்லாம் பழையபடிதான். வவுச்சரை நீட்டினேன், கையெழுத்துப் போட்டார். ஆனால் அந்த வாரக் கடைசியில் ஒரு பை நிறைய பழைய ஏலப் புத்தகங்கள் என் மேஜைக்கு வந்தன. அதன் பிறகு சீசன் வேலை ஓய்ந்த நாள்களில், சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் காசு பேச்சு ஓடும். மதுரை ஏலங்களில் மட்டும் ஒருவரையொருவர் விட்டுவைக்க மாட்டோம். நான் ஆசைப்பட்ட இரண்டு கோப்பெக் காசு ஒன்றை அவர் தட்டிக்கொண்டு போன அன்று, கார் வேண்டாம் என்று பஸ்ஸிலேயே ஊர் திரும்பினேன்.

சில ஆண்டுகள் கழித்து அவருக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்தது. அதே சமயம் சென்னையில் ஒரு பெரிய ரஷ்யச் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்து, "நீங்களாவது அவருக்குக் கம்மி விலைக்குப் பாத்து எடுங்க தாயி" என்றார்.

முதலாளி ஏலப் புத்தகத்தையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். "எனக்கும் சேத்து நீங்கதான் கேக்கணும். ஆனா ஒரு கையால ரெண்டு பேருக்குச் சண்டை போட முடியாது. அதனால மொதல்ல உங்களுக்கு வேணுங்கிறதுல டிக் அடிங்க. மிச்சத்துல எனக்கு."

"அண்ணாச்சி, நீங்க மொதல்ல…"

"அடிங்கம்மா."

இரண்டில் அடித்தேன். ஒன்றைப் பார்த்ததும் அவர் முகம் லேசாகச் சுருங்கியது. அதுவே அவரும் மனதில் வைத்திருந்தது போல. பேனாவை வாங்கி வேறு மூன்றில் அடித்தார்.

சென்னையில் அவருக்கு மூன்றில் இரண்டு கிடைத்தது. எனக்கு ஒன்று, அவர் முகம் சுருங்கிய அதே காசு. வெளியே வந்து போன் போட்டேன். மணி அடித்ததும் எடுத்தார். அவருடைய காசுகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "உங்களுக்குக் கெடச்சுதா?" என்று குறுக்கே கேட்டார். கிடைத்தது என்றேன்.

"நல்லாருக்கா? விளிம்பெல்லாம் தேயாம இருக்கா?"

"புதுசு மாதிரி இருக்கு அண்ணாச்சி."

பிறகு, "டாக்டர் நடக்கச் சொல்லிட்டாக. அடுத்த மதுர ஏலத்துக்கு நானே வந்துருவேன்" என்றார். "அங்கன வந்து விட்டுத் தரமாட்டேன், பாத்துக்கோங்க."

"வாங்க அண்ணாச்சி" என்றேன். "முன்வரிசையிலேயே ஒரு சீட்டுப் போட்டு வைக்கேன்."