மீன் வெட்டும் அம்மா கேட்டது

பட்டினச்சேரியில் மீன் இறங்கும் இடத்தில் அந்த அம்மா மீன் வெட்டிக் கொடுப்பார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை செதில். பேசும்போதும் அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

அன்று நான் மீன் வாங்கப் போகவில்லை. என் பூனைக்கு ரத்தப் புற்றை உண்டாக்கும் வைரஸ் இருப்பதாகக் கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். குணமாக்க மருந்தில்லை, வீட்டுக்குள் வைத்துக் கவனித்தால் சில ஆண்டுகள் நன்றாக இருக்கலாம் என்றார். அது சாவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. எங்கள் பக்கத்தில் வேண்டாத பூனைகளை எல்லாரும் விடுவதுபோல, அதை மீன் கிடைக்கும் இடத்தில் விட்டுவிட வந்தேன்.

பூனை இருந்த பையை அவிழ்த்தபோது அவர் கேட்டார்.

"என்னங்கய்யா, விட்டுட்டுப் போவ வந்தீங்களா?"

"சீக்கு வந்துடுச்சும்மா."

"நமக்கு ஒட்டுமா?"

"மனுசருக்கு ஒட்டாது. பூனைக்குப் பூனை எச்சில்ல பரவும்."

அவர் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பக்கத்தில் ஏழெட்டுப் பூனைகள் ஒரே சட்டியில் மீன் குடலைத் தின்றுகொண்டிருந்தன.

"இம்புட்டும் தெரிஞ்சேதான் தூக்கிட்டு வந்தீங்களா? நல்லாப் படிச்சீங்க, போங்க!"

முப்பது வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான். பையை மறுபடி கட்டினேன். அவர் ஒரு சங்கரா மீனை முள் எடுத்து நீட்டினார்.

"அவிச்சுக் குடுங்க. வெளியில விடாம வச்சுப் பாருங்க, தேறிக்கும்."

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. பூனை ஜன்னலில் உட்கார்ந்து காக்கையை மிரட்டுகிறது. அவரோ அன்று நடந்ததை ஒருமுறைகூடப் பேசியதில்லை. மறந்துவிட்டாரா, என் மானத்தைக் காக்கிறாரா, தெரியவில்லை. அவர் முன்னால் நிற்க இன்னும் கூசுகிறது. ஆனாலும் மீனை அவரிடம்தான் வெட்டக் கொடுக்கிறேன்.